எடுத்த கட்டியை எறிந்துவிடாதீர்கள்

தமிழில் ‘கட்டி’ என்பது மிகப் பரந்த பொருளுடைய சொல். முதுகில் சீழ் பிடித்து வலிப்பதும் கட்டி. உச்சந்தலையில் பத்தாண்டுகளாக வலியின்றி உருண்டு திரண்டிருப்பதும் கட்டி. கழுத்தில் நெறி கட்டியிருப்பதும் கட்டி. மார்பகத்தில் தோன்றும் புற்றுநோயும் கட்டியே. ஒரே சொல் இத்தனைக்கும் வழங்குவதால், எங்களிடம் வருவோரிடையே இருவகை மனநிலைகளைக் காண்கிறோம். சிலர் கட்டி என்றதுமே புற்றுநோய் என்று கலங்கி, அந்த அச்சத்தினாலேயே மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுகின்றனர். வேறு சிலர் ‘வெறும் கொழுப்புக் கட்டி’ என்று தாமே பெயரிட்டு, மருத்துவர் கேட்கும் எந்தப் பரிசோதனையும் வீண் செலவு என்று கருதுகின்றனர்.

இரண்டாம் வகையினர் சொல்லும் ஒரு வாக்கியம் எங்கள் புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் கேட்பது: “சின்னக் கட்டிதானே டாக்டர், எடுத்துப் போட்டுடுங்க, டெஸ்ட் எல்லாம் எதுக்கு?” இக்கேள்வி நியாயமானது. அதற்குரிய விடையை அறுவை மேசையின் அருகில் நின்று இரண்டே நிமிடங்களில் சொல்லிவிட இயலாது. ஆகவே எங்கள் கருத்தை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம். தோலின் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. பலவற்றைத் தொடாமலேயே விட்டுவைக்கலாம். ஆனால் ஒரு கட்டியை வெட்டியெடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், அது எத்தனை சிறியதாயினும் திசு ஆய்வுக்கு அனுப்பப்பட வேண்டும். அதன் முடிவு நோயாளியின் கைக்கு வந்து சேரவும் வேண்டும்.

கொழுப்பு இல்லாத ‘கொழுப்புக் கட்டி’

முதலில், மக்கள் கொழுப்புக் கட்டி என்று அழைப்பவற்றுள் பல கொழுப்பால் ஆனவை அல்ல. தோலில் மிகுதியாகக் காணப்படுவது எபிடெர்மாய்டு என்னும் பைக்கட்டி. மெல்லிய உறையொன்றுக்குள் ஏதேனும் ஒரு பொருள் அடைபட்டிருந்தால் அதைப் பைக்கட்டி என்கிறோம். நம் மேல்தோல் நாள்தோறும் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது. குளிக்கும்போது தேய்த்தால் வருவது அதுவே. முடி முளைக்கும் குழியின் வாய் அடைபட்டு, அங்குள்ள தோல் உள்நோக்கிப் பையாக மாறிவிட்டால், உதிரும் செதில்களுக்கு வெளியேற வழி இருப்பதில்லை. அவை ஆண்டுக்கணக்கில் உள்ளேயே சேர்ந்து, தயிர்க்கட்டி போன்ற வெண்மையான குழம்பாகின்றன. முடியும் நகமும் எந்தப் புரதத்தால் ஆனவையோ அதே கெராட்டின்தான் இதன் உட்பொருள். இதைப் பிதுக்கும்போது எழும் நாற்றம் அதனுடையதே.

மருத்துவர்களும் நெடுங்காலம் இதனை எண்ணெய்ச் சுரப்பியின் கட்டி என்றே தவறாக வழங்கி வந்தனர். பழைய சீட்டுகளில் அப்பெயரை இன்றும் காணலாம். உண்மையாகவே எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து தோன்றும் பைக்கட்டிகள் வேறு. அவை மார்பிலும் அக்குளிலும் பட்டாணி அளவில் கூட்டமாகத் தோன்றும். குத்தினால் எண்ணெய் போன்ற நீர் வரும்.

தலையில் வரும் கட்டிகள் தனி வகையின. முடிவேரின் உறையிலிருந்து பிறக்கும் இவற்றுள் பத்தில் ஒன்பது உச்சந்தலையிலேயே காணப்படுகின்றன. எண்ணிக்கையில் பலவாக வருவதும், ஒரே குடும்பத்தில் தாய்க்கும் மகளுக்கும் தொடர்வதும் இவற்றின் இயல்பு. பலருக்கு முடிதிருத்துபவரோ தலைவாரிவிடும் உறவினரோ சொல்லித்தான் இவை தெரியவருகின்றன. குழந்தையின் புருவத்தின் வெளிமுனையில் பிறவியிலேயே காணப்படும் உருண்டை டெர்மாய்டு என்பது. கருவில் முகத்தின் பகுதிகள் ஒன்றுசேரும் கோட்டில் சிக்கிக்கொண்ட தோலின் துணுக்கு அது. மெய்யான கொழுப்புக் கட்டியாகிய லிப்போமாவோ, தோலுக்கு அடியில் மென்மையான கொழுப்புத் திரளாக இருக்கும். உறைக்குள் குழம்பு அதில் இராது. மணிக்கட்டின் மேற்புறம் எழும் கேங்லியான், மூட்டின் அருகே பாகு போன்ற நீர் சேர்ந்து உருவாவது.

இவை யாவும் தோலின் மேல் ஒரு மேடாகவே கண்ணுக்குத் தெரிகின்றன. ஆயினும் பிறந்த இடமும் உட்பொருளும் மருத்துவமும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

விரல் சொல்வதும் ஸ்கேன் சொல்வதும்

மருத்துவர் ஒரு கட்டியைத் தொட்டுப் பார்ப்பதை வெறும் சம்பிரதாயம் என்று எண்ண வேண்டாம். எபிடெர்மாய்டு கட்டி தோலோடு ஒட்டியிருக்கும். தோலை அசைத்தால் கட்டியும் உடன் நகரும். அதன் நடுவில் கரும்புள்ளி போன்ற சிறு துளை தென்பட்டால் நோயறிதல் பெரும்பாலும் உறுதியாகிவிடும். லிப்போமாவின் மேலுள்ள தோல் தனியே நகரும். விளிம்பை அழுத்தினால் அது விரலுக்கு அடியில் வழுக்கிச் செல்லும். நீர் நிறைந்த கட்டியின் ஓரத்தில் டார்ச் ஒளியைப் பாய்ச்சினால் அது விளக்கைப் போலச் சிவந்து ஒளிரும். கட்டி நாடித்துடிப்பைப் போலத் துடித்தால், அதில் கத்தியோ ஊசியோ படுவதற்கு முன் அது இரத்தக்குழாயின் வீக்கமா என்று கட்டாயம் பார்த்தாக வேண்டும்.

தொடுவதற்கு இணையாகக் கேள்விகளும் முக்கியம். எத்தனை காலமாக இருக்கிறது, அண்மையில் விரைந்து வளர்ந்ததா, அந்த இடத்தில் முள் குத்தியதா, முன்னர் ஒருமுறை எடுத்து மீண்டும் வந்ததா, எடை குறைகிறதா, மாலையில் காய்ச்சல் வருகிறதா, வலிப்பு வந்தது உண்டா என்று கேட்கிறோம். தோலின் கட்டிக்கும் வலிப்புக்கும் என்ன தொடர்பு என்று உறவினர்கள் வியப்பதுண்டு. பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் அசுத்தமான நீர், உணவு, கழுவாத கை ஆகியவற்றின் வழியே உடலுக்குள் சென்றால், அவற்றின் இளம்புழுக்கள் தோலுக்கு அடியிலும் தசையிலும் சிறு உருண்டைகளாகத் தங்கும். மூளையிலும் தங்கி வலிப்பை உண்டாக்கும். இறைச்சியே உண்ணாதவருக்கும் இது வரலாம். கையில் இருக்கும் ஒரு சிறு உருண்டை, வலிப்பின் காரணத்தைச் சொல்லிவிடக்கூடும்.

ஐயம் இருப்பின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவுகிறது. உள்ளே இருப்பது நீரா, குழம்பா, கெட்டிச் சதையா, அதனுள் இரத்த ஓட்டம் உண்டா, எத்தனை ஆழம் செல்கிறது என்பவற்றை அது வலியின்றிக் காட்டும். மூக்கின் நடுக்கோட்டிலோ தலையின் நடுக்கோட்டிலோ முதுகுத்தண்டின் மீதோ குழந்தைக்குப் பிறவியிலிருந்தே கட்டி இருந்தால், எம்.ஆர்.ஐ. போன்ற பெரிய ஸ்கேன் எடுக்காமல் எவரும் அதில் கை வைக்கக் கூடாது. அத்தகைய கட்டி சில வேளைகளில் மெல்லிய பாதை வழியாக மூளையின் உறையோடோ தண்டுவடத்தோடோ தொடர்புற்றிருக்கும்.

அச்சுறுத்தும் நல்ல கட்டி

தோற்றம் இருபுறமும் ஏமாற்றும். தீங்கற்ற கட்டி புற்றுநோயின் வேடம் பூணுவதற்குப் பழைமையான சான்று லண்டன் நகரின் கைஸ் மருத்துவமனையிலிருந்து கிடைக்கிறது. அங்கே அறுவை மருத்துவராக இருந்த எட்வர்ட் காக் (1805–1892) என்பவரின் பெயரால், தலையில் வரும் ஒருவகைப் புண்ணைக் ‘காக்கின் விசித்திரக் கட்டி’ என்று மருத்துவ நூல்கள் இன்றும் குறிப்பிடுகின்றன. உச்சந்தலையில் நெடுநாள் இருந்த பைக்கட்டி உடைந்து, கிருமி புகுந்து, உட்சதை பூவைப் போலச் சிவந்து வெளியே தள்ளி, நாற்றத்தோடு கசியும். காண்பவர் எவரும் தோல் புற்றுநோய் என்றே நினைப்பர். எனினும் அது புற்றுநோய் அன்று. எதிர்த்திசையில், உண்மையான தோல் புற்றுநோயும் இதே தோற்றத்தில் வரக்கூடும். இரண்டையும் பிரித்துச் சொல்வது நுண்நோக்கி ஒன்றே. அந்த விடை, நோயாளி எளிய அறுவையோடு வீடு திரும்புவதா, விரிந்த அறுவைக்கும் தொடர் சிகிச்சைக்கும் ஆயத்தமாவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த எட்வர்ட் காக், புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் உறவினர். இங்கிலாந்து அரசர் நான்காம் ஜார்ஜின் தலையில் இருந்த பைக்கட்டியை அகற்றியவர் ஆஸ்ட்லி கூப்பர். 1821-இல் பாரனெட் பட்டமும் பெற்றார். மயக்க மருந்தும் கிருமிநாசினி முறைகளும் தோன்றாத காலம் அது. அச்சிறிய அறுவைக்குப் பின் தொற்றுப் பரவி அரசருக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று அந்தப் பெரிய மருத்துவரும் அஞ்சினார். இன்று அதே அறுவையை மரத்துப்போகும் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்புகிறோம். எளிதாகிவிட்டது என்பதனாலேயே அது அலட்சியமாகவும் செய்யப்படுகிறது என்பதே எங்கள் வருத்தம்.

சாதுவாகத் தோன்றும் தீய கட்டி

மறுபக்கத்தைச் சொல்வது அச்சுறுத்துவதற்கு அன்று. எந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கே.

காது மடலுக்குக் கீழேயும் முன்புறமும் எழும் உருண்டை, பைக்கட்டியாக இருக்கலாம். பரோட்டிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பியின் கட்டியாகவும் இருக்கலாம். முகத்தை அசைக்கும் நரம்பு அச்சுரப்பியின் ஊடே செல்கிறது. பைக்கட்டி என்று கருதிச் சிறிய அறையில் கீறினால், கண் மூட இயலாமலும் வாய் கோணியும் போகும் ஆபத்து உண்டு. நாற்பது வயதைக் கடந்தவரின் கழுத்துப் பக்கவாட்டில் புதிதாகத் தோன்றும் நீர்நிறைந்த கட்டியை, உள்நாக்கு, நாவின் அடிப்பகுதி, தைராய்டு ஆகியவற்றில் தொடங்கிய புற்றுநோய் அங்கு பரவியதன் அடையாளமோ என்று ஐயுற வேண்டும். புகையிலைப் பழக்கம் உள்ளவரிடம் இந்த ஐயம் இன்னும் வலுக்கும். சிறுநீரகம், தைராய்டு, நுரையீரல், மார்பகம் ஆகியவற்றின் புற்றுநோய்கள் சில நேரங்களில் தலைத்தோலில் ஒரு உருண்டையாகத் தம்மை முதன்முதலில் காட்டிக்கொள்கின்றன.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மேயோ மருத்துவர்களுக்கு அறுவையில் துணைநின்ற செவிலியர் அருட்சகோதரி மேரி ஜோசப், வயிற்றுப் புற்றுநோயாளிகள் சிலரின் தொப்புளில் கெட்டியான ஒரு முடிச்சு இருப்பதைக் கவனித்தார். பிற்காலத்தில், 1949-இல், ஹாமில்டன் பெய்லி என்னும் அறுவை மருத்துவர் அந்த முடிச்சுக்கு அவர் பெயரையே சூட்டினார். அறுவைக்கு முன் நோயாளியின் வயிற்றைத் தூய்மை செய்த ஒருவரின் கை கண்டறிந்தது அது. முதியோரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, எண்ணெய் தேய்த்துவிடும் உறவினர்களின் கைகளும் அப்படிப்பட்டவையே. நீங்கள் கண்டதை எங்களிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

நம் மண்ணுக்கே உரிய காரணங்களும் சில உண்டு. கழுத்திலும் அக்குளிலும் காசநோய் உண்டாக்கும் கட்டி, சூடும் சிவப்பும் இன்றி மெத்தென்றிருக்கும். கண்டமாலை என்று முன்னோர் அழைத்தது பெரும்பாலும் இதனையே. சாதாரணச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால் ஆறாத புண்ணாகி மாதக்கணக்கில் கசியும். மாத்திரைகளால் குணமாகும் நோய் அது. கத்தியால் மட்டும் தீராது. வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்வோரின் கால் கைகளில், என்றோ குத்திய முள்ளோ மரச்சிராயோ வழியாகக் கரிய நிறப் பூஞ்சை உட்புகுந்து, பைக்கட்டியைப் போலவே வளர்வதுண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்க்கும், மாற்றுச் சிறுநீரகம் பெற்று எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்க்கும் இதன் வாய்ப்பு மிகுதி. பெரும்பாலும் ‘சாதாரணப் பைக்கட்டி’ என்று எடுக்கப்பட்டு, நுண்நோக்கியின் கீழ் வைத்தபோதுதான் இது பூஞ்சை என்று தெரியவருகிறது; சில வேளைகளில் அந்த மரச்சிராயும் உள்ளேயே கிடைக்கிறது. அந்தக் கட்டியைக் குப்பைத்தொட்டியில் எறிந்திருந்தால், பூஞ்சைக்கு உரிய மருந்து தேவைப்படும் நோயாளி வெறும் தையலோடு வீடு சென்றிருப்பார்.

அரிதாக, கட்டியின் எண்ணிக்கையும் ஒரு செய்தி. சிறுவயதிலேயே முகம், தலை, கை கால்களில் பல எபிடெர்மாய்டு கட்டிகளும், தாடை எலும்பில் கெட்டியான புடைப்புகளும் சேர்ந்து காணப்பட்டால், பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புகளை உண்டாக்கி, கவனியாது விட்டால் புற்றுநோயில் முடியும் பரம்பரை நோயொன்றைத் தேட வேண்டும். கார்ட்னர் என்பவரின் பெயரால் வழங்கும் இந்நோயில், தோலின் கட்டிகள் குடலின் துன்பத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றக்கூடும்.

ஆய்வு வேண்டாம் என்போரின் வாதங்கள்

எங்கள் கருத்துக்கு மாற்றுக் கருத்துகள் உண்டு. அவற்றை மறைக்க விரும்பவில்லை.

முதலாவது, செலவு. சிறிய அறுவைக்கு ஒரு தொகை, பின்னர் ஆய்வுக்கு இன்னொரு தொகை என்பது தினக்கூலியில் வாழும் குடும்பத்துக்குச் சுமைதான். ஆனால் அதற்காக ஆய்வைக் கைவிடுதல் சரியன்று. ஆய்வுக் கட்டணத்தை அறுவைக் கட்டணத்தோடு சேர்த்து முன்கூட்டியே ஒரே தொகையாகச் சொல்வது மருத்துவமனைகளின் கடமை. இதனை எங்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். இயலாதவர்க்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவ்வசதி உண்டு என்பதையும் எடுத்துரைக்க வேண்டும். கட்டியால் தொல்லை ஏதும் இல்லாதபோது, செலவைத் தவிர்க்கும் நேர்மையான வழி, அதை எடுக்காமல் கண்காணிப்பதே.

இரண்டாவது, ‘பார்த்தாலே தெரியும்’ என்பது. அனுபவமிக்க கைகள் நடுவில் துளையுள்ள பைக்கட்டியைப் பெரும்பாலும் சரியாகவே இனங்காண்கின்றன. வழக்கமான தோற்றமுடைய கட்டிகளை எல்லாம் ஆய்வுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று கருதும் மருத்துவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்களின் வாதத்தில் பொருளும் உண்டு, ஏனெனில் எபிடெர்மாய்டு கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. நாங்கள் அவர்களோடு மாறுபடுவது நம் சூழலைக் கருதியே. இங்கே ஒருவர் ஓர் ஊரில் கட்டியை எடுத்து, அடுத்த ஆண்டு வேறு ஊரில் வேலைக்குச் செல்கிறார். அதே இடத்தில் மீண்டும் கட்டி வந்தால், முதலில் எடுத்தது எதுவென்று சொல்ல எவரும் இருப்பதில்லை. பைக்கட்டியின் உறையில் ஒரு துணுக்கு தங்கியதால் மீண்டதா, அல்லது முதலிலேயே டெர்மடோஃபைப்ரோசார்கோமா போன்ற, எடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வேரூன்றும் கட்டியாக இருந்ததா? ஒரு தாளில் எழுதிய ஆய்வு முடிவு இருந்தால் இக்கேள்வி ஒரு நிமிடத்தில் தீரும். அது இல்லையேல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் இழந்த காலம் திரும்புவதில்லை.

மூன்றாவது, அச்சம். ‘பயாப்ஸி’ என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வெளுக்கும் நோயாளிகள் பலர். புற்றுநோய் இருப்பதாக மருத்துவர் ஐயுறுவதால்தான் அனுப்புகிறார் என்றும், கத்தி பட்டால் பரவிவிடும் என்றும் எண்ணுகின்றனர். வெளியே எடுத்த திசுவுக்கு ஒரு பெயர் கொடுக்கும் வேலையே திசு ஆய்வு. எல்லோருடைய கட்டியும் அனுப்பப்படுவது வழக்கமாகிவிட்டால், அனுப்பப்படுவது ஓர் அபாய அறிகுறியாகத் தோன்றாது. வழக்கமாக்க வேண்டும் என்று நாங்கள் கோருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டியின் பயணம்

எடுத்த கட்டி ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் நீர்மத்தில், திசுவைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு அளவுள்ள நீர்மத்தில் மூழ்க வேண்டும். பின்னர் அது மெழுகில் பதிக்கப்பட்டு, மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமான சாயங்கள் ஏற்றப்பட்டு, நோய்க்குறியியல் மருத்துவரின் கண்ணுக்கு வருகிறது. இதனாலேயே முடிவுக்குச் சில நாட்கள் ஆகின்றன. தாமதம் என்பது தீய செய்தியின் அறிகுறி அன்று.

பல ஊர்களில் அந்தப் புட்டியை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்பவர் நோயாளியின் உறவினரே. அப்பொறுப்பு உங்களிடம் வந்தால் மூன்றைக் கவனியுங்கள். புட்டியில் நோயாளியின் பெயரும், எந்த இடத்துக் கட்டி என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். திசு நீர்மத்தில் முழுதும் மூழ்கியிருக்க வேண்டும். வெறும் தண்ணீரிலோ உலர்ந்த பஞ்சிலோ வைத்தால் அது கெட்டு, பின்னர் எவராலும் படிக்க இயலாது. மருத்துவர் எழுதிய சீட்டு உடன் இருக்க வேண்டும். காசநோயோ பூஞ்சையோ என்ற ஐயம் இருந்தால், கிருமியை வளர்த்துப் பார்க்க ஒரு பகுதியை ஃபார்மலின் படாமல் தனியே அனுப்புவோம். இரண்டு புட்டிகள் தரப்படின் அவற்றைக் கலந்துவிட வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடாதவை, விரைந்து வரவேண்டியவை

கட்டியைப் பிதுக்காதீர்கள். குழம்பு வெளியேறினாலும் உறை உள்ளே இருப்பதால் மீண்டும் நிறையும்; உறை உள்நோக்கிக் கிழிந்தால் சுற்றியுள்ள திசு கொதித்தெழுந்து சிவந்து வீங்கும். சுண்ணாம்பு தடவுவதும், நூல் கட்டுவதும், ஊதுபத்தியால் சுடுவதும், பெயர் தெரியாத அமிலங்களால் ‘மரு எடுப்பதும்’ தழும்பைத் தருவதோடு நோயின் அடையாளத்தையும் அழித்துவிடுகின்றன. வெந்துபோன திசுவில் நுண்நோக்கியாலும் விடை காண்பது கடினம். கட்டி சீழ்பிடித்துச் சிவந்திருக்கும் வேளையில் முழுதாக எடுத்தாக வேண்டும் என்று வற்புறுத்தவும் வேண்டாம். முதலில் சீழை வடித்து, வீக்கம் தணிந்து சில வாரங்கள் கழித்து உறையோடு எடுப்பதே முறை. அந்த இரண்டாம் வருகையைப் பலர் மறந்துவிடுகின்றனர். வலி நின்றதும் நோய் நின்றதாகக் கருதாதீர்கள்.

கீழ்க்காணும் நிலைகளில் நாள் கடத்தாமல் வாருங்கள்: சில வாரங்களில் விரைந்து பெருக்கும் கட்டி, ஐந்து சென்டிமீட்டரைக் கடந்ததோ ஆழத்தில் இருப்பதோ ஆகிய கட்டி, கல்லைப் போலக் கெட்டியாகி அசையாத கட்டி, புண்ணாகி ஆறாததும் தானே இரத்தம் கசிவதும், எடுத்த இடத்திலேயே மீண்டும் வந்தது, இரண்டு மூன்று வாரங்களாகியும் கரையாத கழுத்துக் கட்டி, காதருகே தோன்றியது, மார்பகத்தில் தோன்றிய எதுவும், குழந்தையின் உடல் நடுக்கோட்டில் பிறவியிலிருந்தே இருப்பது. இவற்றுள்ளும் பல தீங்கற்றவையாகவே முடியும். எனினும் அதை உறுதிசெய்வது எங்கள் பணி.

குறிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். நாணத்தினால் உடலின் கட்டியைப் பல ஆண்டுகள் மறைத்து வைப்போர் பெண்களிலும் முதியோரிலும் மிகுதி. “இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா ஆபரேஷன்?” என்று பாட்டி சொல்வார். அறுவை வேண்டுமா வேண்டாமா என்பது பிறகு பேசப்பட வேண்டியது. முதலில் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று வீட்டிலுள்ள இளையோர் பரிவோடு எடுத்துச் சொல்ல வேண்டும். பெண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று விரும்பினால், அதைக் கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தமுறை உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ ஒரு கட்டி அகற்றப்பட்டால், அறுவை அறையிலிருந்து வெளிவரும் மருத்துவரிடமும் செவிலியரிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: “இதன் பெயர் என்னவென்று கருதுகிறீர்கள்? எந்த ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள்? முடிவு எந்த நாளில் கிடைக்கும்?” இவற்றை அவமதிப்பாக எந்த நல்ல மருத்துவரும் கருதமாட்டார், எங்கள் துறையில் எவரேனும் முகம் சுளித்தால் தலைமைச் செவிலியரிடம் சொல்லுங்கள். முடிவு வந்தபின், அதிலுள்ள ஆங்கிலச் சொற்களின் பொருளைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டறிந்து, அந்தத் தாளைக் குடும்ப அட்டையோடும் தடுப்பூசி அட்டையோடும் பத்திரமாக வையுங்கள். தையலைப் பிரித்த நாளன்று சிகிச்சை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கின்றனர். அந்தத் தாள் உங்கள் கைக்கு வரும் நாளில்தான் அது முடிகிறது.